முதுகுப்பை சாஸ்திரம்

பிரயாணங்களைப் பற்றி எழுதியோர் மலையை வருணித்தார்கள், அருவியை வருணித்தார்கள், சத்திரத்து மூட்டைப்பூச்சியைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆயினும் இவற்றையெல்லாம் காணப் போகிற குடும்பத்தின் முதுகிலே தொங்கும் பையைக் குறித்து முறையான விசாரணை செய்தவர் எவருமிலர். அக்குறையை நிவர்த்திக்கும் பொருட்டு, தகப்பனார், தாயார், இரு குழந்தைகள், ஒரு பாட்டி ஆகிய லக்ஷணங்கள் பொருந்திய குடும்பமொன்றைக் களமருதூரில் குடியிருப்பதாகக் கற்பித்துக்கொண்டு ஆராயப் புகுகிறோம்.

பையின் கனம் போகுமிடத்தின் தூரத்தைப் பொறுத்ததன்று. அங்கே எது கிடைக்காமற் போகுமோ என்று தாயாருக்கு உண்டாகும் சந்தேகத்தைப் பொறுத்தது. இது முதற் பிரமேயம். வெள்ளிமலையில் கடையுண்டு, கரியாலூரில் கடையுண்டு என்று எத்தனை சாட்சியம் கூறினும், கல்வராயன் மலைக்குப் புறப்படும் பையில் புளியோதரை, முறுக்கு, தைலம், இரண்டு போர்வை, ஒரு சொம்பு ஆகியவை ஏறியே தீரும்.

வழி ஏற ஏறச் சுமை தகப்பனார் முதுகையே நாடும் என்னும் இரண்டாவது பிரமேயத்துக்கு நிரூபணம் அம்மலையின் மேகம் அருவியிலே கிடைக்கிறது. பெரியார் அருவி சாலையோரத்திலேயே விழுவதால் ஆராய்ச்சிக்கு உதவாது. மேகத்துக்கோ காட்டுவழியே நடக்க வேண்டும். முதல் வளைவில் சின்னவனுடைய பை தாயார் தோளுக்கும், அடுத்த வளைவில் தாயாருடையதும் பெரியவளுடையதும் தகப்பனார் முதுகுக்குமாக, எவரும் கட்டளையிடாமலே, சுமை இடம்பெயர்ந்துவிடுகிறது. பாட்டியின் இடுப்பிலுள்ள சுருக்குப்பை மாத்திரம் எந்த வளைவிலும் கைமாறுவதில்லை. காஞ்சிபுரத்திலிருந்து சகோதரர் மூவர் வந்து மலைகளிலே குடியேறியதாக இங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடையே ஒரு கதை வழங்குகிறது. அம்மூவரில் மூட்டை யார் தலையிலிருந்தது என்பதைக் கதை சொல்லாமல் விட்டது நமக்குப் பெரு நஷ்டமே.

விடுமுறையின் பிற்பகுதியில், மரம் நடும் தொண்டு செய்வதற்காக இக்குடும்பம் ஆரோவில்லைச் சேர்ந்த சாதனா வனத்துக்குப் போகிறது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்னர் களமருதூரும் அவ்வனமும் ஒரே விழுப்புரம் மாவட்டத்திலிருந்தன. பிரிந்தபின் இது மாவட்டம் கடந்த யாத்திரையாகிவிட்டமையால் ஒரு போர்வை கூடிற்று. இஸ்ரேலிலிருந்து வந்த அவிராம் ரோசின், யோரித் ரோசின் தம்பதியர் 2003இல் சுமார் 70 ஏக்கர் கட்டாந்தரையில் தொடங்கிய முயற்சி அது. மழைநீர் ஓடிப்போகாமல் வரப்பெடுத்தும் குழிவெட்டியும் மண்ணை நனைத்து, இக்கடற்கரைப் பகுதிக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டை மீட்டெடுக்கிறார்கள். பல தேசத்துத் தொண்டர்கள், தலைக்கு மேல் உயர்ந்த பைகளோடு அங்கே வந்திறங்குகிறார்கள். அவர்களில் ஒருவர் பையிலும் சொம்பு கிடையாது என்பதைத் தாயார் முதல் நாளே கண்டறிந்து அனுதாபப்பட்டார்.

இங்கேதான் சாஸ்திரத்துக்கு ஒரு கண்டம் நேர்ந்தது. அவ்விடத்துச் சமையலில் மாமிசம் மட்டுமன்று, பால், தயிர், நெய் எதுவும் சேராது. காபி கிடைக்காது என்று சந்தேகித்துத் தகப்பனார் பில்டரையும் பொடியையும் சுமந்து வந்திருந்தார்; பாலே கிடைக்காது என்று சந்தேகிக்க எவருக்கும் தோன்றவில்லை. சந்தேகம் முழுமையாக இருந்திருப்பின் பை இலேசாக இருந்திருக்கும் என்பது இதனாற் பெறப்படும் உபபிரமேயம். விடியற்காலையில் மண்வெட்டி பிடிப்பதற்கு முன் அவர் முகம் இருந்த இருப்பை வருணிப்பது ஆராய்ச்சி தர்மமாகாது. பாட்டி சுருக்குப்பையை அவிழ்த்து, சுக்கையும் கொத்துமல்லியையும் பனைவெல்லத்தையும் எடுத்து, கொதிக்கும் நீரிலே தட்டிப் போட்டார். பசுவுக்கும் கொள்கைக்கும் பங்கமில்லாத அந்தக் கஷாயத்தைப் பில்டர்க்காரரும் குடித்தார்; சொம்புக்கும் அன்றுதான் வேலை கிடைத்தது.

திரும்புகையில் தின்பண்டமெல்லாம் தீர்ந்திருந்தும் பை முன்னிலும் கனத்தது. ஈரத்துணி காரணமென்பது ஒரு பக்ஷம். சின்னவன் பொறுக்கிய செந்நிறக் கற்கள் காரணமென்பது மற்றொரு பக்ஷம். உளுந்தூர்பேட்டைப் பஸ் நிலையத்தில் இறங்கும்வரை விவாதம் நடந்தது. தகப்பனார் மட்டும் அதில் கலந்துகொள்ளவில்லை. அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.