முருகனுக்குத் திரை போட்டாச்சு

போன ஞாயிற்றுக்கிழமை மேட்சில் ஆட்டக்காரர்களை முழங்காலுக்குக் கீழேதான் பார்த்தேன். பந்து தரையோடு உருண்டால் தெரிந்தது. தூக்கி அடித்தால் போச்சு. ஸ்கோர் அடியில் ஓடுவதால் கணக்கு மட்டும் தப்பாமல் கிடைத்தது. டிவியில் ஒரு கோளாறும் இல்லை. டிவிக்கு மேலே முருகன் இருக்கிறார். அடுப்பில் பழவேற்காட்டு இறால் இருந்தது. ஆகவே முருகனுக்குத் திரை போட்டுவிட்டார்கள். திரை என்பது பழைய ஜன்னல் கர்ட்டன். ஜன்னலுக்கு அளவெடுத்துத் தைத்தது, முருகனுக்கு நீளம். மிச்சம் டிவி மேல் தொங்குகிறது.

"கொஞ்சம் மடிச்சுத் தெச்சா என்ன?" என்றேன்.

"வாரத்துல ஒரு நாளைக்குத்தானே" என்றாள் என் மனைவி. அந்த ஒரு நாள்தான் எனக்கு லீவு.

இதை எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல. என்னோடு ஷிப்டில் இருக்கும் தம்பி ஒருவர் கவரைப்பேட்டை பக்கம் வீடு கட்டி முடிக்கப்போகிறார். "அண்ணே, மரத்துல செதுக்குன சாமி வாங்கணும். எதெதைப் பாத்து வாங்கணும்?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. மூன்றும் காசு போட்டுக் கற்றவை. முதலில் எங்கள் முருகன் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் என்ஜினியரைப் பார்ப்பதற்கு முன்பே சிறுவாபுரி முருகனைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆறு செவ்வாய்க்கிழமை. நானும் போனேன். வீடும் வந்தது, கூடவே வங்கிக் கடனும் வந்தது. கடனைப் பற்றி நான் வேண்டிக்கொள்ளவில்லை, அது தானாக வந்தது. வீடு கொடுத்தவரைச் சுவரில் வைப்பதுதானே முறை? அதுவும் இப்போதெல்லாம் காலண்டர் படம் சட்டம் போட்டு மாட்டினால் வருகிறவர்கள், "இன்னும் உள்வேலை முடியலையா?" என்று கேட்கிறார்கள். மரத்தில் இருக்க வேண்டும். நாலடியாவது இருக்க வேண்டும். மேலே மஞ்சள் விளக்கு எரிய வேண்டும்.

உண்மையில் என் முதல் ஆசை நடராஜர். என் மாமியார் திருவள்ளூர்க்காரர். அமாவாசைக்கு அமாவாசை வீரராகவ பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க வரும் கூட்டத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்தே சாமி விஷயத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர்.

"நடராஜரா? வீட்டுலயா? அவரு நிக்காம ஆடுறவரு மாப்ளே. குடும்பமும் ஆடிப்போயிடும்."

"அத்தை, உங்க ஊருக்குப் பக்கத்துல திருவாலங்காட்டுல காலைக் காது வரைக்கும் தூக்கி ஆடுறாரு. ரத்தின சபைன்னு அஞ்சு சபையில ஒண்ணு. அந்த ஊரு நல்லாத்தானே இருக்கு?"

"அந்த ஊர்ல காலை வெக்கவே பயந்து காரைக்கால் அம்மையாரு தலையால நடந்துச்சு. நீங்க சோபாவுக்கு மேல மாட்டப் பாக்குறீங்க."

இதற்குப் பதில் இருந்தால் சொல்லுங்கள்.

முருகன் என்று முடிவானதும் நெடுஞ்சாலை ஓரத்துக் கடை ஒன்றுக்குப் போனேன். 'ஒரிஜினல் கருங்காலி முருகன்' என்று எழுதியிருந்தது. கழுத்தில் போட மாலை, கையில் கட்டக் கயிறு, சாவிக்கொத்து என்று ஊரே கருங்காலி வாங்கிக்கொண்டிருந்த நேரம். அவ்வளவு மாலைக்கும் கருங்காலி வெட்டினால் ஒரு மரமாவது மிஞ்சியிருக்குமா என்று யாரும் கேட்கவில்லை. பலகையைத் திருப்பிப் பின்பக்க மூலையை நகத்தால் சுரண்டினேன். கருப்புக்கு அடியில் பிஸ்கட் நிறத்தில் எம்.டி.எஃப். எட்டிப் பார்த்தது. கடைக்காரர் முகம் சுருங்கவில்லை. "கருங்காலி ஃபினிஷ் சார்" என்றார்.

பின்னால் பட்டறையில் சி.என்.சி. ஓடிக்கொண்டிருந்தது. மிஷினோடு பத்தொன்பது வருஷம் மாரடித்தவன் நான், எட்டிப் பார்க்காமல் வர முடியுமா? நாலு ஸ்பிண்டில் ஒரே நேரத்தில் இறங்கி நாலு முருகனுக்கும் ஒரே புருவத்தைக் குடைந்தன. ஆபரேட்டர் பையன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை, போன் பார்த்துக்கொண்டிருந்தான். "ஃபைல் இருக்கு சார். பிள்ளையார், பாலாஜி, புத்தர், ஏழு குதிரை, எதுன்னாலும் போட்டுத் தரலாம்." சிற்பிகள் கடைசியாக நல்ல நேரம் பார்த்துக் கண் திறப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே கண்ணை எப்போது திறக்கும் என்று கேட்டேன். "நாற்பது பர்சென்ட்ல வந்துடும் சார்."

அதோடு ஒரு கல்யாணத்துக்காகப் பெரம்பலூர் போனபோது, அப்படியே பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூருக்குப் போய்விட்டேன். கோயில் தேருக்கும் வாகனத்துக்கும் மரம் செதுக்கிய கைகள் இருக்கும் ஊர். 2020-ல் அந்த ஊர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்த வருஷம் கள்ளக்குறிச்சிக்கும் கிடைத்தது. ஒட்டுப்போடாமல் ஒரே கட்டையில் முழுச் சிலையையும் எடுப்பதுதான் அரும்பாவூர்க்காரர்களின் பெருமை. நான் போன பட்டறையில் ஆசாரி தரையில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலால் பலகையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கொட்டாப்புளியால் உளியின் தலையில் தட்டிக்கொண்டிருந்தார். பலமாக ஒன்று, மெதுவாக இரண்டு. ஒவ்வொரு தட்டுக்கும் மயில் தோகையில் ஒரு கண் பிறந்தது. சுருள் சுருளாக மரம் உதிர்ந்து அவர் மடியில் விழுந்தது. நான் அரை மணி நேரம் வாயைப் பிளந்து நின்றேன். விலையையும் வாயைப் பிளந்தபடியே கேட்டுக்கொண்டேன். வாகை மரம், நாலடி உயரம், மூன்று அங்குலக் கனம், 22 கிலோ. பேரம் பேச வாய் வரவில்லை. அந்தத் தோகையை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததுதான் நான் செய்த தப்பு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பஸ்ஸில் சென்னை வரை வந்துவிட்டார். மூர் மார்க்கெட்டில் கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்தேன். சாதாரணப் பெட்டியில் 22 கிலோ முருகனோடு ஏற இடமில்லை. கூடைக்காரர்கள் ஏறும் பெட்டியில் ஏறிக்கொண்டேன். ஏறிய பிறகுதான் தெரிந்தது, மீன் கூடைகள். கொருக்குப்பேட்டை, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று வழியெல்லாம் முருகன் ஒரு பக்கம் சங்கரா மீனும் இன்னொரு பக்கம் நெத்திலியுமாக நின்றபடி வந்தார். சாக்கைத் தாண்டி வேல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு அம்மா வேலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதே கையால் ஐஸை அள்ளி மீன் மேல் போட்டார். யாரும் திரை போடவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், என் வீட்டில் யாரும் வைத்துக்கொள்வதில்லை.

நான் வாங்கியது அலங்காரப் பொருள். பில்லிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்த அன்றே மாமியார் முருகன் நெற்றியில் ஒரு பொட்டுக் குங்குமம் வைத்தார். அந்த நிமிஷத்தோடு அலங்காரம் முடிந்தது, ஆண்டவன் ஆரம்பம். இனிமேல் அவருக்கு எதிரே கால் நீட்டக்கூடாது. அவருக்குக் கீழே செருப்பு ஸ்டாண்டு கூடாது. சட்டை போடாமல் சோபாவில் படுக்கக்கூடாது. முருகனே சட்டை போட்டிருக்கவில்லை, அதை யாரும் கேட்பதில்லை.

மாட்டுவதற்குச் சுவர் தேடிய கதை தனி. ஹாலில் மொத்தம் நாலு சுவர். கிழக்குச் சுவரில் மாட்டினால் சாமி மேற்கே பார்ப்பார், கூடாதாம். தெற்குச் சுவருக்குப் பின்னால் பாத்ரூம், பேச்சே இல்லை. மேற்குச் சுவரில் பாதி கதவு, மீதி ஸ்விட்ச் போர்டு. மிச்சம் வடக்கு. அங்கே ஏற்கெனவே டிவி. "டிவியைத் தூக்கிடலாமே" என்று என் மனைவி சொன்னபோது அவளுடைய சீரியல் நேரத்தை ஞாபகப்படுத்தினேன். ஆகவே முருகன் டிவிக்கு மேலே போனார். சுவர் ஃபிளை ஆஷ் செங்கல். டிரில் போட்டதும் மாவாகக் கொட்டியது. எலக்ட்ரீஷியன் மூன்றாவது ஓட்டையில்தான் ஆங்கர் போல்ட்டை நிறுத்தினார். முதல் இரண்டு ஓட்டைகளை மயில் மறைத்துக்கொண்டது. அந்த வீட்டில் என்னைக் காப்பாற்றுகிற ஒரே ஜீவன் அந்த மயில்தான்.

இப்போது தோகை.

மொத்தம் 53 கண்கள். எண்ணியிருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒரு குழி. குழிக்குள் ஒரு வளையம், வளையத்துக்குள் இன்னொரு குழி. எங்கள் ஊரில் இரண்டு விதத் தூசி உண்டு. நெடுஞ்சாலை லாரிகள் கிளப்புகிற செம்மண் தூசி ஒன்று. எங்கிருந்து வருகிறது என்று யாரும் தன் பெயரைச் சொல்ல முன்வராத கறுப்புத் தூசி இன்னொன்று. காலையில் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நடந்தால் அது தெரியும். இரண்டும் சமாதானமாகச் சந்திக்கிற இடம் அந்தக் குழிகள். முதலில் துணியால் துடைத்தேன். மேட்டுத் தூசி குழிக்குள் போனது. பெயிண்ட் பிரஷ் வாங்கினேன். ஒரு குழித் தூசி அடுத்த குழிக்கு மாற்றலாகிப் போனது. வாயால் ஊதினேன். "சாமி மேல எச்சில் படுது!" ஹேர் டிரையரால் ஊதினேன். தூசி முருகனை விட்டு என் சட்டைக்கும் டிவிக்கும் வந்து, சாயந்திரத்துக்குள் திரும்ப முருகனிடமே போய்விட்டது. காது குடையும் பட்ஸ் எடுத்தேன். 53 கண்ணுக்கு 53 பட்ஸ் என்று கணக்கு. பதினேழாவது கண்ணில் பஞ்சு கழன்று உள்ளேயே நின்றுவிட்டது; இன்றைக்கும் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் முத்துப் பதித்த மாதிரி தெரியும், வருகிறவர்களிடம் அப்படித்தான் சொல்கிறேன். கடைசியில் டூத் பிரஷ்தான் சரி என்று கண்டுபிடித்தேன். புதுசு ஆகாது, நார் விறைப்பாக இருக்கும், தேய்ந்ததுதான் வேண்டும். ஆனால் தேய்ந்தது என்றால் யாரோ பல் தேய்த்தது. அது சாமிக்கு ஆகாது. ஆகவே புது பிரஷ் வாங்கி, அதைக்கொண்டு இரண்டு மாதம் சைக்கிள் செயினைத் தேய்த்துப் பதமாக்கலாமா என்றுகூட யோசித்தேன். நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதன் யோசிக்க வேண்டிய விஷயமா இது?

இதில் மாமியார் வேறு. திருவள்ளூரில் மூலவருக்கு அபிஷேகம் கிடையாது, சந்தனத் தைலம்தான். அந்த ஞானத்தோடு ஒரு வெள்ளிக்கிழமை ஸ்டூல் போட்டு ஏறி, எங்கள் முருகனுக்குத் தைலக்காப்பு செய்துவிட்டார். சந்தனத் தைலத்துக்கு எங்கே போவது? சமையலறையில் இருந்த நல்லெண்ணெய். வாகை மரம் நன்றாகத்தான் குடித்தது. அப்படியே மினுமினுத்தது, இரண்டு நாள். மூன்றாம் நாளிலிருந்து எண்ணெயும் தூசியும் குழைந்து, ஒவ்வொரு குழியிலும் கண்மை மாதிரி ஒரு பசை. எங்கள் முருகனுக்கு 53 கண்ணிலும் மை. "எவ்ளோ லட்சணமா இருக்காரு பாருங்க மாப்ளே" என்றார்.

காஞ்சிபுரத்து அத்திவரதரை நினைத்துக்கொள்கிறேன். அத்தி மரத்தில் செய்த பெருமாள். 1979-க்குப் பிறகு 2019-ல் ஜூலை 1 முதல் 48 நாள் வெளியே இருந்து தரிசனம் கொடுத்துவிட்டு, திரும்பவும் குளத்துக்குள் போய்விட்டார். நானும் அந்தக் கூட்டத்தில் நசுங்கியவன்தான். அப்போது எல்லோரும் பக்தியில் அழுதார்கள். எனக்கு இப்போதுதான் அந்த ஏற்பாட்டின் அருமை புரிகிறது. நாற்பது வருஷத்துக்குத் தூசி தட்ட வேண்டாம்.

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் கேன்டீனில் சொல்லிக்கொண்டிருந்தேன். "சரிண்ணே, அந்த மூணு விஷயம்?" என்றார். முதல் விஷயம், மரத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். ஷிப்ட் மணி அடித்துவிட்டது. நேற்று பார்த்தபோது, "வாங்கிட்டேன்ணே. ஆன்லைன்ல. ஏழு குதிரை" என்றார். குதிரைக்குக் குங்குமம் வைக்க மாட்டார்கள், பிழைத்துக்கொண்டார்.

நான் போன ஞாயிறுக்கே வருகிறேன். கடைசி ஓவர். ஆறு பந்தில் பதினொன்று. என் கையில் இறால் தொக்கு பிசைந்த சோறு, எதிரே பதின்மூன்று ஜோடி ஷூ. பௌலரின் ஷூ ஓடி வந்தது. பேட்ஸ்மேனின் ஷூ ஒன்று முன்னால் நகர்ந்தது. அப்புறம் எல்லா ஷூக்களும் அப்படியே நின்றுவிட்டன. பக்கத்து வீட்டில் கூச்சல். சிக்ஸரா, கேட்சா? என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து போய் திரையின் ஓரத்தை இரண்டு விரலால் லேசாகத் தூக்கினேன்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"கை கழுவிட்டீங்களா?"