குண்டுக்குப் பயந்த ஜாரும் குழியில்லாத பாட்டிலும்

ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரைத் தேடி இரண்டு சமாச்சாரங்கள் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. ஒன்று, பிரான்சின் ரெய்ம்ஸ் நகரிலிருந்து லூயி ரொடெரர் கம்பெனியின் ஷாம்பெயின். மற்றொன்று, அவரைத் தீர்த்துக்கட்ட ஆள்.

1861இல் பண்ணையடிமைகளை விடுவித்த புண்ணியவான்தான். ஆனால் கொடுத்த நிலத்துக்கு 49 வருஷத் தவணையையும் கூடவே நீட்டியதால், கும்பிட வந்தவர்களும் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். 1866இல் பீட்டர்ஸ்பர்க்கில் ஒருவர் சுட்டார், குறி தப்பியது. 1867 ஜூன் 6 அன்று பாரிசில், விருந்தாளியாகப் போன இடத்தில், இன்னொருவர் சுட்டார். துப்பாக்கி சுட்டவர் கையிலேயே வெடித்தது. நாமாக இருந்தால் அன்றிரவே மூட்டை கட்டியிருப்போம். ஜாரோ மறுநாள் பிரஷ்ய அரசர் வில்ஹெல்ம், பிஸ்மார்க் சகிதம் பாரிசின் பிரபல உணவகம் ஒன்றில் உட்கார்ந்து, எட்டு மணி நேரம் 16 வகைப் பதார்த்தங்களை ஒரு கை பார்த்தார். ரொடெரர் ஷாம்பெயினும் பரிமாறப்பட்டது. நடுராத்திரிக்கு மேல், வாத்து ஈரல் ஏன் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டதாகவும் ஒரு கதை உண்டு.

இப்பேர்ப்பட்ட வயிறு படைத்தவருக்கு 1876இல் பாட்டில்மீது சந்தேகம் வந்துவிட்டது. கரும்பச்சைக் கண்ணாடிக்குள் இருப்பது ஷாம்பெயின்தானா? அடியில் ஒரு குழி இருக்கிறதே, அதில் எவனாவது வெடிமருந்தைச் செருகி வைத்திருந்தால்? கூப்பிடு ரொடெரரை! உள்ளே இருப்பது பளிச்சென்று தெரியும் கிறிஸ்டல் பாட்டில் வேண்டும், அடி தட்டையாக இருக்க வேண்டும் என்று உத்தரவு போயிற்று. பிறந்தது ‘கிறிஸ்டல்’ ஷாம்பெயின். கம்பெனிக் கதை இது. ஊரான் குடிக்கிற அதே பாட்டிலில் ராஜாவும் குடிப்பதா என்ற மானப் பிரச்சினைதான் காரணம் என்றும் சொல்வார்கள். எட்டு மணி நேர விருந்தைப் பார்த்தபின், எனக்கென்னவோ இதுதான் பொருத்தமாகப் படுகிறது.

வேடிக்கை என்னவென்றால், ஷாம்பெயின் பாட்டிலே ஒரு குண்டுதான். உள்ளே சுமார் ஆறு வளிமண்டல அழுத்தம்; கார் டயரில் இருப்பதைப்போல இரண்டு மூன்று மடங்கு. பழைய காலத்தில் நிலவறையில் ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து வெடிக்கும். வேலையாட்கள் இரும்பு முகமூடி மாட்டிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். பதினைந்தாம் லூயி 1735இலேயே பாட்டிலின் எடைக்குச் சட்டம் போட்டார். அடிக்குழியும் அழுத்தத்தைத் தாங்க உதவும் ஏற்பாடுதான். குண்டு இருக்குமோ என்று பயந்த ஜார், வெடிக்காமல் இருக்கப் போட்ட குழியைத்தான் எடுக்கச் சொன்னார். பாவம், கண்ணாடிக்காரர்! குழி போன குறையைக் கனத்தால் ஈடுகட்டினார்.

சாப்பாட்டு மேசையில் பாட்டிலுக்கு இத்தனை சோதனை. அதற்கு இரண்டு மாடி கீழே என்ன நடந்தது? ஸ்தெபான் கல்தூரின் என்ற புரட்சிக்காரர் பொய்ப் பெயரில் அரண்மனைத் தச்சராகச் சேர்ந்து, டைனமைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து, தன் படுக்கையருகிலேயே பதுக்கிக்கொண்டிருந்தார். கூடத் தங்கியிருந்த காவலருக்குச் சந்தேகம் வரவில்லை. பையன் நல்லவனாக இருக்கிறானே, பெண்ணைக் கொடுக்கலாமா என்றுதான் யோசித்தாராம்! 1880 பிப்ரவரியில் குண்டு வெடித்தது. விருந்தாளி வரத் தாமதமானதால் ஜார் சாப்பாட்டு அறைக்குள் கால் வைக்கவில்லை. இடையில் இருந்த காவலறையில் 11 சிப்பாய்கள் செத்தார்கள். பாட்டிலை உற்றுப் பார்த்தவர்கள் தரைக்குக் கீழே எட்டிப் பார்க்கவில்லை.

1881 மார்ச்சில் கதை முடிந்தது. மூன்றாம் நெப்போலியன் பரிசளித்த குண்டு துளைக்காத வண்டி, கைக்குட்டையில் சுற்றி வந்த முதல் குண்டைத் தாங்கிவிட்டது. யாருக்கு அடிபட்டது என்று பார்க்க ஜார் கீழே இறங்கினார். இரண்டாவது குண்டு காத்திருந்தது.

பேரன் இரண்டாம் நிக்கலாசும் ரொடெரரைக் கைவிடவில்லை. 1917இல் புரட்சி வந்தது; ரொடெரர் தன் பெரிய வாடிக்கையாளரை இழந்தது. 1945இல்தான் கிறிஸ்டல் பொதுச் சந்தைக்கு வந்தது, காசுள்ள எல்லாரும் ஜார்தான் என்ற சமத்துவக் கொள்கையில்.

ஒரு சிக்கல். கரும்பச்சைக் கண்ணாடி வெளிச்சத்தைத் தடுக்கும். இந்தப் பளிங்கு தடுக்காது. வெளிச்சம் பட்டால் ஷாம்பெயின் கெடும். அதனால் இன்று ஒவ்வொரு கிறிஸ்டல் பாட்டிலையும் பொன்னிறத் தாளில் சுற்றி விற்கிறார்கள். திறக்கும்வரை தாளைப் பிரிக்கக் கூடாது என்பது கண்டிப்பான யோசனை.