டபிள்ஸ்காரர்

நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த வட்டத்துக்குள் நுழைந்தாலும் ஒரு பிள்ளையார் கோயில் இருக்கும், நாலு வேப்பமரம் இருக்கும். கொஞ்சம் விசாரித்தால் ஒரு டென்னிஸ் டபிள்ஸ்காரரும் இருப்பார். வயது 58. ரிட்டையர்மெண்டுக்கு இரண்டு வருடம். ஒரு முழங்காலில் நீ கேப், இன்னொன்றில் தைல வாசனை. சிங்கிள்ஸை அவர் ஓர் ஆட்டமாகவே ஒத்துக்கொள்வதில்லை. “தனியா நின்னு அடிக்கிறதுக்கு சுவர் போதுமே தம்பி” என்பார்.

அவர் கணக்கில் 27 அடி அகலத்தில் இருப்பது கோர்ட்டே அல்ல, சந்து. இரண்டு பக்கமும் நாலரை நாலரை அடி சேர்ந்து 36 ஆன பிறகுதான் அதில் கால் வைக்க மனசு வரும். ஆனால் கால் வைத்த இடத்திலிருந்து அதிகம் நகர மாட்டார். நெட்டுக்குப் பக்கத்தில் நின்று, கையைப் பின்னால் கொண்டுபோய், சர்வீஸ் போடும் பார்ட்னருக்கு ஜாடை காட்டுவார். மூடிய கை என்றால் நான் இங்கேயே நிற்பேன். விரித்த கை என்றால் குறுக்கே பாய்வேன். விரித்த கையை அவர் காட்டி எந்த ஜூனியரும் பார்த்ததில்லை.

பந்து நடுவில் வந்தால் சட்டம் ஒன்றுதான்: யாருக்கு அது ஃபோர்ஹேண்டோ அவர் எடுக்க வேண்டும். இந்தச் சட்டத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பந்து பின்னால் வேலியைத் தொட்டிருக்கும். உலகத்தில் மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு சங்கடம் நெய்வேலி ஆட்டக்காரர்களுக்கு உண்டு. “மைன்!” என்று கத்தினால், எதிர்ப்பக்கத்திலிருந்து நிச்சயம் ஒரு குரல் வரும்: “ஒன்னா, டூவா சார்? இல்ல ஒன்-ஏவா?” சுரங்கத்தில் வேலை பார்ப்பவர்களிடம் இந்த ஜோக்குக்கு வயதே ஆவதில்லை.

பிப்ரவரியில் சென்னையில் சேலஞ்சர் டென்னிஸ் போட்டி வந்தால் இரண்டு நாள் லீவ் போடுவார். வீட்டில் பழகிவிட்டது. “என்னங்க, இந்த வருஷமும் சேலஞ்சரா?” என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மாள் புளிசாதம் கட்டிவிடுவார். ஆர்ச் கேட்டில் விடியற்காலை பஸ் பிடித்து, நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் கேட் திறக்கும்போது முதல் ஆளாக நிற்பார்.

பெரிய போட்டிமேல் அவருக்கு ஒரு கோபம் உண்டு. இருபது வருடத்துக்கு மேல் சென்னையில் நடந்த ஏடிபி போட்டி, 2017-க்குப் பிறகு புனேவுக்குப் போய்விட்டது. அதை ஒரு டிரான்ஸ்ஃபர் ஆர்டராகத்தான் எடுத்துக்கொண்டார். கேன்சல் ஆகும் என்று கொஞ்ச நாள் நம்பவும் செய்தார். அந்தக் கடைசி வருடம் டபிள்ஸ் பட்டம் வாங்கியது போபண்ணாவும் நம்ம ஜீவன் நெடுஞ்செழியனும் என்பதால் மன்னித்துவிட்டார். இப்போது கேட்டால் சேலஞ்சர்தான் உசத்தி என்பார். “பெரிய டூர்னமெண்ட்ல பிளேயரைப் பார்க்க பைனாகுலர் வேணும். இங்க அவன் மூச்சு வாங்கறது கேக்கும்.” உண்மைதான். உலகத் தரவரிசையில் நூறுக்கும் இருநூறுக்கும் கீழே இருப்பவர்கள் டவலைத் தேடி அவர் காலடி வரை வருவார்கள்.

சென்டர் கோர்ட் பக்கம் அவர் தலைவைத்துப் படுப்பதில்லை. ஓரத்துக் கோர்ட்டில், வெயில் காயும் படிக்கட்டில்தான் அவர் ராஜ்ஜியம். இங்கே ஜோடி சேருவதே தனிக் கூத்து. போன வாரம் வேறொரு நாட்டில் வேறொருவனோடு ஆடியவன், கெடு முடிவதற்குள் கைக்குக் கிடைத்தவனோடு பெயர் கொடுத்துவிடுவான்; பெண் பார்க்கப் போனால்கூட ஒரு காபி குடிக்க நேரம் கொடுப்பார்கள். நம்மவர் ஆர்டர் ஆஃப் பிளேயை மூக்குக் கண்ணாடிக்கு நெருக்கமாகப் பிடித்து, “இது தாங்காது. ரெண்டு பேருக்கும் டியூஸ் கோர்ட்தான் வேணும்” என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

அவருடைய பரம எதிரி, சிங்கிள்ஸில் ஜெயித்துக்கொண்டே போகிறவன். வியாழக்கிழமை மத்தியானம் திடீரென்று, இன்ன ஜோடி காயத்தால் விலகுகிறது என்று அறிவிப்பு வரும். “காயமா? நாளைக்கு அவனுக்கு சிங்கிள்ஸ் குவார்ட்டர் ஃபைனல். அதுதான் அவன் வியாதி” என்பார். பரிசுப் பணத்தை இரண்டாகப் பங்கு போட வேண்டிய ஆட்டத்தில் முதுகு சீக்கிரம் வலிப்பது இயற்கை என்பது என் கருத்து. அவரிடம் சொன்னதில்லை.

விதிகளிலும் அவருக்கு வருத்தம் உண்டு. டியூஸ் வந்தால் ஒரே பாயிண்ட், மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் பாயிண்ட் டைபிரேக்கர் என்று 2006 வாக்கில் டபிள்ஸைச் சுருக்கிவிட்டார்கள். அது அநியாயம் என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் ஆவேசமாக வாதாடுவார். மூன்றாவது செட் முழுசாக நடந்தால் நெய்வேலிக்குக் கடைசி பஸ் போய்விடும் என்பதால் குரலைக் கொஞ்சம் தாழ்த்தியே வாதாடுவார்.

2024-இல் சென்னை சேலஞ்சரை ஜெயித்தது யார் என்று யாராவது கேட்டால், “சாகேத் மைனேனி, ராம்குமார் ராமநாதன்” என்று பட்டென்று வரும். எதிர்த்து ஆடியவர்களும் இந்தியர்கள்தான்: ரித்விக் பொல்லிபள்ளி, நிக்கி பூணச்சா.

“சார், சுமித் நாகல்தானே ஜெயிச்சார்?”

“அது சிங்கிள்ஸ்.”

அதே வருடம் ஜனவரியில் போபண்ணா 43 வயதில் ஆஸ்திரேலியன் ஓப்பன் டபிள்ஸை ஜெயித்து, நம்பர் ஒன்னும் ஆனார். அந்தச் செய்தி வந்த அன்று நம்மவர் புது ராக்கெட் வாங்கினார். “டபிள்ஸுக்கு வயசு தடையில்லைன்னு உலகமே ஒத்துக்கிச்சு” என்றார். 43-க்கும் 58-க்கும் உள்ள வித்தியாசத்தை ஜூனியர் ஒருவர் எடுத்துச் சொல்ல, ஒரு வாரம் அந்த ஜூனியருக்கு ஜாடை காட்டுவதை நிறுத்தி வைத்தார்.

டபிள்ஸ் ஃபைனல் சனிக்கிழமையே முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சிங்கிள்ஸ் ஃபைனலுக்குச் சென்னை மச்சினர் டிக்கெட் எடுத்து வைத்திருந்தாலும் தங்க மாட்டார். கோயம்பேட்டுக்கோ கிளாம்பாக்கத்துக்கோ ஓடி பஸ்ஸில் ஏறி, இருவர் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் சாய்வார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு கைப்பிடி.

“சார், கையை எடுத்தீங்கன்னா நான் வச்சுக்குவேன்.”

“தம்பி, நீங்க வலக்கை ஆட்டமா, இடக்கை ஆட்டமா?”

“வலக்கைதான் சார். ஏன்?”

“ஜன்னல் உங்களுக்கு வலப்பக்கம். அப்ப நடுவுல வர்றது உங்களுக்கு பேக்ஹேண்டு” என்று சொல்லிக் கையை நன்றாக ஊன்றிக்கொள்வார்.