சூடுதாம்ப்பா, வேற ஒண்ணுமில்ல

அனுமந்தன்பட்டி டீக்கடையில் போன வாரம் ஒரு பெரியவர், ராத்திரி மூத்திரத்துக்கு நாலு தரம் எழுந்திருக்க வேண்டியிருப்பதைச் சொல்லிவிட்டு, காரணத்தையும் அவரே சொன்னார்: "சூடுதாம்ப்பா, வேற ஒண்ணுமில்ல." பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்த்த எரிச்சல் இதை எழுதுகிறவருக்கு இன்னும் தணியவில்லை. (அந்த எரிச்சலும் சூடுதான் என்பார்கள்.) ஆண்கள் இந்தத் தொந்தரவுக்கு எப்போது ஆஸ்பத்திரி போகவேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்குமுன் சூட்டைக் கொஞ்சம் பேசிவிடலாம்.

மேற்கே மலை, ஆடி மாசத்துச் சாரல், பச்சைக்குக் குறைவில்லாத வயல். இப்படி ஒரு பள்ளத்தாக்கில் குடியிருந்துகொண்டு ஆம்பளைகளின் அடிவயிறு மட்டும் வருஷம் முழுக்கச் சூட்டில் இருக்கிறது. எரிந்தால் சூடு. சொட்டினால் சூடு. அடிக்கடி வந்தால் சூடு. வராமல் நின்றால் முத்திப்போன சூடு. குமுளி பஸ்ஸில் என்ஜினை ஒட்டி உட்கார்ந்தது சூடு. மச்சான் வீட்டுக் கோழிக்குழம்பு சூடு. வைத்தியமும் கைவசம்: வாழைத்தண்டுச் சாறு, இளநீர், பார்லி, நன்னாரி சர்பத், வெந்தயம் ஊறிய தண்ணீர், சிறுநெருஞ்சில் கஷாயம். தொப்புளில் விளக்கெண்ணெய். கால் கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பு. மூத்திரப்பைக்கும் கட்டைவிரலுக்கும் லைன் எந்த வழியாகப் போகிறது என்று கேட்டால், "எங்க அப்பாவுக்குக் கேட்டுச்சு" என்பார்கள். அப்பா எதில் போய்ச்சேர்ந்தார் என்று மட்டும் சொல்லமாட்டார்கள். இத்தனையையும் பொழுது சாய்ந்தபிறகு குடித்தால் நாலு தரம் ஆறு தரமாகும். உடனே பெஞ்சில் மகிழ்ச்சி: "பாத்தியா, சூடு இறங்குது!"

சூட்டை விட்டு விஷயத்துக்கு வருவோம். புராஸ்டேட் என்று ஒரு சின்னச் சுரப்பி, மூத்திரப்பைக்குக் கீழே சிறுநீர்க்குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. வயது ஏற ஏறப் பெருத்துக் குழாயை நெருக்கும். 60ஐ எட்டும்போது ஏறக்குறைய பாதி ஆண்களுக்கு இது தொடங்கியிருக்கும். 80க்கு மேல் தப்பியவர்கள் கொஞ்சம்தான். இந்த வீக்கம் புற்றுநோய் அல்ல, பலருக்கு மாத்திரையே போதும். டாக்டர்கள் இதற்கு 7 கேள்வி வைத்து, 35 மார்க்குக்குப் பரீட்சையே நடத்துகிறார்கள்: முக்க வேண்டியிருக்கிறதா, விட்டுவிட்டு வருகிறதா, போனபிறகும் மிச்சம் இருப்பதுபோல் இருக்கிறதா என்று. 20 எடுத்தாலே கடுமை. மார்க் கூடினால் பெயில்.

சர்க்கரை, கல், கிருமித்தொற்று, குழாய்ச் சுருக்கம் எல்லாமே இதே வேஷத்தில் வரும். எது என்று டீக்கடையில் தெரியாது. திராட்சைக் கொடியில் ஒரு இலை பழுத்தால் அன்றைக்கே மருந்துக்கடையில் இலையோடு நிற்கிறவர்தான், தன் விஷயத்தில் வருஷக்கணக்காகச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கிறார்.

இதை மறைக்காதவர்களும் உண்டு. 2024 ஜனவரி 17 அன்று பக்கிங்ஹாம் அரண்மனை, 75 வயது மன்னர் சார்லஸுக்குப் புராஸ்டேட் வீக்கம், சிகிச்சைக்குப் போகிறார் என்று ஊரறிய அறிவித்தது. மற்ற ஆண்களும் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் காரணமாம். அன்றைக்கே பிரிட்டன் அரசு மருத்துவ சேவையின் இணையதளத்தில் அந்த நோய்ப் பக்கத்துக்குக் கூட்டம் பத்து மடங்குக்கு மேல் ஏறியது. நம்மூரில் டாக்டரிடம் சொல்லவே வெட்கம். கம்பவுண்டர் பெரியம்மா மகனாக இருந்து தொலைப்பார். அந்தச் சிகிச்சைக்குப் போன இடத்தில்தான் மன்னருக்கு வேறொரு புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜோ பைடன் சிறுநீர்த் தொந்தரவு கூடிப் போய்ப் பார்த்தபோது, எலும்புவரை பரவிய புராஸ்டேட் புற்றுநோய். அது 2025 மே மாதம்.

சொல்ல வந்ததற்கு இடம் குறைந்துவிட்டது, வேகமாகச் சொல்லிவிடலாம். தொந்தரவு சில வாரமாக நீடித்தால் உத்தமபாளையம் அரசு ஆஸ்பத்திரி பக்கத்தில்தான். பெரிதாக இருந்தால் க.விலக்கு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். ரத்தம் கலந்து போனாலோ, குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே. அடிவயிறு உப்பி ஒரு சொட்டும் வரவில்லை என்றால் நடுராத்திரி என்று பார்க்காமல் 108. இன்னொன்று: புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் மெடிக்கலில் தாமாகவே சளி மாத்திரை வாங்கிப் போடவேண்டாம். அவற்றில் சில, நெருக்கிக்கிடக்கும் பாதையை அடியோடு அடைத்துவிடும்.