மரத்தடி பதில்கள்

மரம் நடுவது புண்ணியமா, ஃபேஷனா?
(ஒரு வாசகி, மர்பி டவுன்)

நட்ட மறுவாரம் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். குடம் இருந்தால் புண்ணியம். செல்போன் மட்டும் இருந்தால் ஃபேஷன்.

சாலுமரத திம்மக்கா ஒரு லட்சம் மரம் நட்டதாக எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓடுகிறது. உண்மைக் கணக்கு என்ன சார்?
(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், அல்சூர்)

வாட்ஸ்அப்பில் எதுவும் லட்சத்துக்குக் குறைந்து காய்ப்பதில்லை. அவருக்குப் பேர் வாங்கித் தந்தவை 385 ஆலமரங்கள். 384 என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஒரு மரத்துக்காகச் சண்டை வேண்டாம். பெங்களூருக்கு மேற்கே மாகடி தாலுகாவில், ஹுலிகல்லிலிருந்து கூடூர் போகிற சாலையில் ஏறக்குறைய 4 கி.மீ. தூரத்துக்கு நிற்கின்றன. 'சாலு மர' என்றால் வரிசை மரம். நம் உழவுச் சால்தான் கன்னடத்தில் வாலைக் கொஞ்சம் நீட்டிச் 'சாலு' ஆகியிருக்கிறது.

திம்மக்காவும் கணவர் சிக்கையாவும் கூலி வேலை செய்தவர்கள். பிள்ளை இல்லை. முதல் வருஷம் 10 கன்று, அடுத்த வருஷம் 15, அதற்கடுத்து 20 என்று வைத்தார்கள். இந்தச் சின்ன எண்களைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். போன வருஷத்துக் கன்றுக்கும் சேர்த்துத் தண்ணீர் சுமக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் கூட்டிக்கொண்டு போன எண்ணிக்கை இது. மழைக்காலம் பார்த்து நட்டார்கள். மழை போனபின் குடத்தில் சுமந்து ஊற்றினார்கள். ஆடு மாடு வாய் வைக்காமலிருக்க ஒவ்வொரு கன்றையும் சுற்றி முள்ளை வெட்டிக் கட்டினார்கள். ஆலங்கொழுந்தை ஆடு பார்த்தால் என்ன நடக்கும் என்று ஊர்ப்பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2019-ல் பத்மஸ்ரீ வாங்கப் போன இடத்தில் ஜனாதிபதி ராம்நாத் கோவிந்தின் நெற்றியைத் தொட்டு ஆசீர்வதித்தார். அதே வருஷம் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அந்த ஆலமரங்களுக்கே ஆபத்து வந்தது. அப்போதைய முதலமைச்சர் குமாரசாமி தலையிட்டுத்தான் மரங்கள் தப்பின. ஒரு கையில் விருது, மறு கையில் கோடாலி என்று நிற்க அரசாங்கங்களால்தான் முடியும்! 2025 நவம்பர் 14 அன்று திம்மக்கா பெங்களூருவில் காலமானார். வயது 114 என்றார்கள். அன்றைக்குக் குழந்தைகள் தினம்.

பெங்களூரு மரங்கள் எல்லாம் வெள்ளைக்காரன் வைத்ததாமே?
(கல்லூரி மாணவர், ஸ்ரீராமபுரம்)

ஒரு பங்குதான். லால்பாக்கைத் தொடங்கியது ஹைதர் அலி. பிறகு வந்த க்ரும்பீகல் ஜெர்மன்காரர்; ஒரு தெருவில் பூ உதிரும்போது அடுத்த தெருவில் பூக்கிற மாதிரி நகரத்துக்கே பூக்கால அட்டவணை போட்டவர். ஆனால் நீங்கள் இன்று நிழலுக்கு ஒதுங்கும் மரம் பெரும்பாலும் வனத்துறை அதிகாரி எஸ்.ஜி. நேகின்ஹால் காலத்தது. 1980-களில் நகரத்துக்குள் 15 லட்சம் மரம் நட்ட மனிதர் அவர். 2021-ல் மறைந்தார். க்ரும்பீகல் பேரில் லால்பாக் அருகே ஒரு சாலை இருக்கிறது. நேகின்ஹாலுக்குத் தனியாகச் சாலை வேண்டாம். நிழல் விழுகிற சாலையை எல்லாம் அவர் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

எங்கள் கம்பெனி சார்பில் 500 கன்று நடப் போகிறோம். ஹெசரகட்டா பக்கம் நிலம் காலியாகக் கிடக்கிறது. என்ன மரம் வைக்கலாம்?
(மனிதவளப் பிரிவு, வைட்ஃபீல்ட்)

ஒன்றும் வேண்டாம். தயவுசெய்து.

அது காலி நிலமில்லை, புல்வெளி. நம் ஊரில் வருவாய்த் துறை 'மேய்க்கால் புறம்போக்கு' என்று ஒரு பேர் வைத்திருக்கும். அந்தப் 'புறம்போக்கு' என்கிற சொல் செய்த கெடுதலைக் கோடாலிகூடச் செய்ததில்லை. மரம் இல்லாத இடமெல்லாம் தரிசு என்ற நினைப்பு நமக்குள் அப்படி ஊறிவிட்டது. ஹெசரகட்டா புல்லில் வரகுக்கோழி தென்பட்டிருக்கிறது. குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் வடக்கேயிருந்து பறந்து வந்து, இரவில் அந்தப் புல்தரையில்தான் படுக்கின்றன. அங்கே நீங்கள் 500 மரம் வைத்தால் அவற்றின் படுக்கையில் 500 கம்பம் நட்ட மாதிரி. மரத்தின் மேலிருந்து காக்கை நோட்டம் பார்க்கும். தரையில் முட்டையிடும் பறவைக்கு அதற்குப் பிறகு ஏது நிம்மதி?

அங்கே ஃபிலிம் சிட்டி கட்டும் யோசனைகூட இருந்தது. பறவை பார்க்கிறவர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும் வருஷக்கணக்கில் மனு, வழக்கு என்று அலைந்தார்கள். 2021-ல் மாநில வனவிலங்கு வாரியம் இந்த இடத்தைக் காப்பகமாக்கும் யோசனையைத் தள்ளிவிட்டது. அலைந்தவர்கள் விடவில்லை. 2024 அக்டோபரில் அதே வாரியம் சுமார் 5,678 ஏக்கரைக் காப்பகமாக்க ஒப்புக்கொண்டது. ஒரு கன்றுகூட நடாமல் நடந்த இயற்கைப் பாதுகாப்பு இது. உங்கள் 500 கன்றை அலுவலக வாகன நிறுத்தத்தில் நடுங்கள். அங்கேதான் உண்மையான தரிசு.

பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் நம் பக்கம் உண்டு. கர்நாடகாவில் அப்படி மனசு உண்டா?
(திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்தவர், மாரத்தஹள்ளி)

கூந்தன்குளத்துப் பெருமை உங்கள் எழுத்தில் தெரிகிறது. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்களும் இதைப் படித்துக்கொண்டிருப்பார்கள், கோபிக்கப் போகிறார்கள்.

கர்நாடகப் பதில், கொக்கரே பெள்ளூர். பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் போய், மத்தூருக்கு முன்னால் உள்ளே திரும்ப வேண்டும். சுமார் 80 கி.மீ. இது ஏரிக்கரைச் சரணாலயம் இல்லை, ஊர். வீட்டுக் கொல்லைப் புளியமரத்தில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டுகின்றன. கீழே கயிற்றுக் கட்டிலில் தாத்தா படுத்திருப்பார். மேலே பத்துப் பன்னிரண்டு குடும்பம். வாசலில் காயப்போட்ட துணியின் கதியை நீங்களே ஊகிக்கலாம். மீன் வாடை வேறு. சென்னை அடுக்குமாடியில் என்றால் குடியிருப்போர் சங்கம் அவசரக் கூட்டம் போட்டிருக்கும்.

இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மரத்தடியில் குழி வெட்டி, விழுகிற எச்சத்தைச் சேர்த்து, ஏரி வண்டலோடு கலந்து வயலுக்கு எருவாக்கினார்கள். பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை. நம்பிக்கையோடு எருவும் சேர்ந்தது. 1853-லேயே ஜெர்டன் என்கிற ஆங்கிலேயர் இந்த ஊர்ப் பறவைகளைக் குறித்து வைத்திருக்கிறார். 1976-ல் இதை மறுபடி வெளியுலகுக்குக் காட்டியது யார்? மேலே சொன்ன அதே நேகின்ஹால்தான்.

புளி உலுக்க மரத்தில் ஏறினால் கூடு கலையும். ஏறாவிட்டால் வருமானம் போகும். அதனால் மரக்காரர்களுக்கு வனத்துறை ஈட்டுத்தொகை கொடுக்கிறது. 1994 வாக்கில் மைசூர் இயற்கை ஆர்வலர்கள் வந்து சேர, உள்ளூர் இளைஞர்கள் 'ஹெஜ்ஜார்லே பளக' என்று குழு அமைத்தார்கள். ஹெஜ்ஜார்லே என்றால் கூழைக்கடா. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளைத் தூக்கி வந்து பட்டியில் அடைத்து மீன் போட்டு வளர்ப்பது இவர்கள் வேலை. பையைத் திறந்துகொண்டு நிற்கிற கூழைக்கடாக் குஞ்சுக்கு எவ்வளவு போட்டாலும் போதாது. ரேஷன் கடை வரிசையில் முதலில் நிற்கிறவர் முகபாவம் அதற்கு. 2007-ல் அரசு இந்த ஊரைச் சமுதாயக் காப்பிடமாக அறிவித்தது. 2017-18-ல் குடற்புழுத் தொற்றில் கூழைக்கடாக்கள் நிறைய செத்தன. காவல் இருப்பதோடு வேலை தீரவில்லை. அவை மீன் பிடிக்கும் ஏரிகளின் தண்ணீர் யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

மியாவாக்கி காடு?
(விவேக்நகர்)

ஜப்பான்காரர் வகுத்த முறை. பெங்களூருக்குப் பக்கத்து கார் தொழிற்சாலைக்கு மியாவாக்கியே வந்து நட்டுக் காட்ட, அதைப் பார்த்த ஷுபேந்து சர்மா என்ற இன்ஜினீயர் 2011-ல் காடு வளர்ப்பதையே தொழிலாக்கினார். மண்ணைக் கொத்திப் பக்குவப்படுத்தி, உள்ளூர் மரங்களாகப் பார்த்து நெருக்கமாக நட்டால், நகரத்தின் மூலையில் நல்ல தோப்பு கிடைக்கும். ஆனால் மாநகராட்சி நாற்பது வருஷத்து மரத்தை வெட்டிவிட்டு, 'பதிலுக்கு மியாவாக்கி' என்று சொன்னால் நம்பாதீர்கள். பாட்டியை அனுப்பிவிட்டுப் பத்துப் பாப்பா தருகிறேன் என்கிற கணக்கு அது.

தேவாங்கு பெங்களூரில் இருக்கிறதாம். நிஜமா, இல்லை எங்கள் மேனேஜரைச் சொல்கிறார்களா?
(பெயர் வேண்டாம் என்கிறார், கோரமங்களா)

பெயர் வேண்டாம் என்றது புத்திசாலித்தனம். தேவாங்கு நிஜமாகவே இருக்கிறது. இந்திய அறிவியல் கழக வளாகத்து மரங்களில்கூட. நாம் 'தேவாங்கு மாதிரி முழிக்கிறான்' என்று திட்டுகிற அந்தப் பிராணியைக் கன்னடர்கள் 'காடு பாப்பா' என்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் பக்கம் நான்.

அதற்குத் தாவத் தெரியாது. கிளைக்குக் கிளை கைபிடித்து நிதானமாக நடக்கும். தெருவில் நடு மரம் ஒன்றை வெட்டினால் அதற்குப் பாலம் உடைந்த மாதிரி. அந்தப் பக்கத்துக் குடும்பம் அந்தப் பக்கமே. 2014 முதல் நகரத் தேவாங்கு ஆய்வுத் திட்டம் ஒன்றில் ஐ.டி. ஊழியர்களும் மாணவர்களும் இராத்திரி சிவப்பு டார்ச்சோடு மரம் மரமாக எண்ணினார்கள். இரவில் மரத்தை அண்ணாந்து பார்க்கிற ஆளைக் கண்டால் போலீஸுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். நம் கரூர்-திண்டுக்கல் எல்லையில் கடவூரில் 2022-ல் 11,806 ஹெக்டேரில் தேவாங்குக்கென்றே சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள், இந்தியாவிலேயே முதல் தடவையாக. இனிமேலாவது திட்டுவதற்கு வேறு பிராணியைப் பாருங்கள்.

எங்கள் வில்லா பக்கம் சிறுத்தை வருகிறது. யாரிடம் புகார் செய்வது?
(பன்னேர்கட்டா சாலை)

'வனத்தை ஒட்டிய இயற்கைச் சூழல்' என்ற விளம்பரத்தைப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்? சூழல் வந்து சேர்ந்துவிட்டது. ஒரு கணக்கெடுப்பின்படி பன்னேர்கட்டா காட்டையும் சேர்த்து பெங்களூரைச் சுற்றி 80 முதல் 85 சிறுத்தை இருக்கின்றன. குப்பையைத் திறந்து போடாதீர்கள். குப்பைக்குத் தெருநாய் வரும், தெருநாய்க்குச் சிறுத்தை வரும். கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கூட்டம் கூடி வீடியோ எடுக்காதீர்கள். பயந்துபோன சிறுத்தைக்குக் கூட்டத்தைவிட வேறு ஆபத்து தேவையில்லை.

ஏரி காப்பாற்றுவதில் எழுத்தாளருக்கு என்ன வேலை?
(தமிழாசிரியை, ஜெயநகர்)

ஜே.பி. நகர் புட்டேனஹள்ளி ஏரியைக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். சாக்கடையும் கட்டட இடிபாடும் தின்றுகொண்டிருந்த சின்ன ஏரி. அக்கம்பக்கத்துக் குடித்தனக்காரர்கள் 2010-ல் அறக்கட்டளை அமைத்து, மறு வருஷம் மாநகராட்சியோடு பராமரிப்பு ஒப்பந்தம் போட்டார்கள். முன்னின்றவர் உஷா ராஜகோபாலன். பாரதியின் கவிதைகளையும் பாஞ்சாலி சபதத்தையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர். சபதத்தை மொழிபெயர்த்தவருக்கு ஆகாயத்தாமரையைப் பிடுங்குவது பெரிய காரியமா?

போராடினால் மரம் பிழைக்குமா? நேர்மையாகச் சொல்லுங்கள்.
(ஆட்டோ ஓட்டுநர், சிவாஜிநகர்)

சில சமயம். 2016 அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை. பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை 6.7 கி.மீ. இரும்பு மேம்பாலத் திட்டம். செலவு 1,791 கோடி, பலி 812 மரம். 'ஸ்டீல் ஃப்ளைஓவர் பேடா' என்று ஜனங்கள் கைகோத்துச் சாலையோரம் நின்றார்கள். பேடா என்றால் கன்னடத்தில் 'வேண்டாம்'. ஸ்வீட் ஸ்டால் சமாச்சாரம் இல்லை. 2017 மார்ச்சில் திட்டத்தைக் கைவிட்டார்கள். 2021-ல் துரஹள்ளிக் காட்டை வேலி போட்டுப் பூங்காவாக்கப் பார்த்தபோதும் இதே கதைதான்.

தோற்ற கதைகள் அதைவிட அதிகம். மெட்ரோவுக்காகப் போன மரங்களை உங்களுக்குத் தெரியும். அந்த நிழலில் வண்டியை நிறுத்திக் கண்ணயர்ந்தவர்தானே நீங்கள். ஒரு ரகசியம் சொல்கிறேன். 50 மரத்துக்கு மேல் வெட்டுவதானால் பொது அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபம் கேட்க வேண்டும் என்பது கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம். அறிவிப்பு பேப்பரின் ஒரு மூலையில், திருமணத் தகவலுக்குக் கீழே வரும். மரத்தில் பெயின்ட்டால் நம்பர் போட்டிருப்பதைப் பார்த்தால் உங்களுக்குச் சேதி வந்துவிட்டது என்று அர்த்தம். நகரத்தில் உங்களைவிட அதிகம் மரம் பார்க்கிறவர் யார்? நின்று ஒரு போட்டோ எடுத்து, மர அதிகாரிக்கு எழுதச் சொல்லி யாருக்காவது அனுப்புங்கள். மீட்டர் ஓடட்டும்.

இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் வீட்டு வாசலில் மரம் உண்டா?
(பல பேர், பல ஊர்)

ஒன்று இருந்தது. புங்கை. புங்கை நிழல் தாய்மடி என்று கன்னடத்தில் சொல்வார்கள். அதை நம்பி வைத்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தேன். கரும்புக் கட்டோடு வந்து இறங்கிய எனக்கு ஒரு குச்சி வரவேற்புக் கொடுத்தது. பக்கத்து வீட்டம்மாவிடம் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கலாம், கேட்கக் கூச்சம்.

இரண்டாவது புங்கைக்கு அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். இப்போது அரிசி களைந்த தண்ணீர் அவர் வீட்டிலிருந்து, முள் வேலி என் செலவு. அடியில் ஒரு மீட்டர் சுற்றுக்கு சிமென்ட் போடாமல் தடுக்க, நடைபாதை ஒப்பந்தக்காரரிடம் காபி கொடுத்துப் பேச வேண்டியிருந்தது. இடுப்பளவு வந்திருக்கிறது. நேற்று யாரோ அதில் ஸ்கூட்டரைச் சாய்த்து நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டம்மா மாடியிலிருந்து கன்னடத்தில் போட்ட சத்தத்தில் அந்த ஆள் ஹெல்மெட்டை விட்டுவிட்டு ஓடினான். ஹெல்மெட் வேலியில் தொங்குகிறது. உரியவர் தண்ணீர் ஒரு குடம் கொண்டுவந்து வாங்கிக்கொள்ளலாம்.