சிவப்புக் கம்பளம் விரித்தது யார்?

கேள்வி: வீட்டில் சின்னதாகக் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கிறேன். மணல்மேல் செம்பழுப்பாக, கொழகொழவென்று பாசி படர்கிறது. எடுத்தாலும் மறுநாளே வந்துவிடுகிறது. என்ன செய்ய?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: அது பெரும்பாலும் பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்ஸிஜன் சேரக் காரணமான வம்சம். இன்னும் தொழிலை விடவில்லை: விளக்கு எரியும்போது உற்றுப் பாருங்கள், படலத்துக்குள் முத்து முத்தாகக் குமிழ்கள் சிக்கியிருக்கும்.

இத்தனை பெரிய இடத்து விருந்தாளிக்குச் சிவப்புக் கம்பளம் விரிப்பது மீந்த தீனிதான். மீன் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போடுங்கள். உறைந்த இறாலாக இருந்தால் அலசிவிட்டுப் போடுங்கள். அது உருகிய நீரில் இந்தப் படலத்துக்குத் தீனியாகும் பாஸ்பேட் இருக்கும். ஆவியான தண்ணீருக்கு ஈடாக, உப்புக் கலக்காத ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம். படலத்தைக் கையால் கலைக்காமல், மெல்லிய டியூபால் உறிஞ்சி வெளியேற்றுங்கள். வாராவாரம் பத்தில் ஒரு பங்கு நீர் மாற்றும் வேலையும் அதிலேயே முடிந்துவிடும்.

பெரும்பாலும் நீரோட்டம் எட்டாத மூலையில்தான் இது குடியேறும். நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரை அந்தப் பக்கம் திருப்புங்கள். விளக்கு 8 மணி நேரம் போதும். நத்தையை நம்பாதீர்கள், பச்சைப் பாசியை மேய்கிற பல நத்தைகள் இதைத் தொடுவதில்லை. ஆன்டிபயாடிக் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். தொட்டியை வாழவைக்கிற நல்ல பாக்டீரியாவுக்கும் அது ஆபத்து.