எட்டு மீட்டர் காலு எங்கடா பேராண்டி?

ஏண்டா பேராண்டி, நெஞ்சுல ஒரு எழுத்து அச்சடிச்ச பனியனை மாட்டிக்கிட்டு வந்து நிக்கிறியே, அந்த எழுத்துக்குச் சொந்தக்காரன் எவ்வளவு பலசாலின்னு கேட்டா, "அளவே இல்ல தாத்தா"ங்கிற. அளவே இல்லாத சமாச்சாரம் நம்ம பக்கத்துல ரெண்டுதான் உண்டு. ஒண்ணு சிதம்பரத்துல திரைக்குப் பின்னால இருக்கு. இன்னொண்ணு உங்க அம்மா உனக்குக் குடுக்கிற செல்லம். மத்ததையெல்லாம் அளந்துடலாம், குந்து.

உன்னோட சூப்பர்மேன் 1938-ல ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ்ல வந்தப்ப அவனுக்குப் பறக்கத் தெரியாது. இது உனக்கும் தெரியாது, பனியன் வித்தவனுக்கும் தெரியாது. தாவுவான், அம்மாம்தான். ஒரு தாவு தாவினா எட்டுல ஒரு பங்கு மைல்னு அப்பவே எழுதி வச்சிட்டாங்க. அது சுமார் 200 மீட்டர். சிதம்பரத்து ஏழுநிலைக் கோபுரம் ஒண்ணு ஏறக்குறைய 40 மீட்டர். அஞ்சு கோபுரத்தை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினா வர்ற உயரம்னு வச்சிக்க.

இதை உக்காந்து கணக்குப் போட்ட மனுஷன் ஒருத்தர் இருக்காரு. அமெரிக்காவுல மினசோட்டா பல்கலைக்கழகத்துல பௌதிகப் பேராசிரியர், ஜேம்ஸ் ககாலியோஸ்னு பேரு. சாய்வுப் பலகையில கட்டை சறுக்குற கணக்குக்குக் கொட்டாவி விடற பசங்க, சூப்பர்மேன் கணக்குன்னா நிமிர்ந்து உக்காந்துடுவாங்க இல்ல? 2001-ல காமிக்ஸை வச்சே ஒரு வகுப்பு நடத்தினாரு, 2005-ல புத்தகமே போட்டுட்டாரு. அவரு வச்சிருக்கிற சட்டம் எனக்குப் புடிச்சிருந்தது. ஒரு நாயகனுக்கு ஒரே ஒரு பொய்யை மன்னிச்சு வுட்டுடணும். அதுக்கப்புறம் மிச்சம் எல்லாத்துக்கும் நியூட்டன்தான் நாட்டாமை.

அவரு போட்ட கணக்கு இதுதான். 200 மீட்டர் எழும்பணும்னா தரையை வுடற நேரத்துல மணிக்கு 225 கிலோமீட்டர் வேகம் வேணும். ஆளு 100 கிலோ. கால் வினாடி நேரம் தரையை உதைக்கிறான்னு வச்சா, சொந்த எடையைப் போல 25 மடங்குக்கு மேல உதைக்கணும், அதாவது ரெண்டரை டன் எடைக்குச் சமானம். இம்மாம் உரம் எப்படி வந்துச்சுன்னா, அவன் பொறந்த கிரகத்துல ஈர்ப்பு நம்ம பூமியைப் போல 15 மடங்கு இருந்திருக்கணும்னு முடிச்சிட்டாரு.

நல்ல கணக்குதான். ஆனா நான் நாத்து பறிச்ச ஆளு, எதையும் குந்திப் பாத்துட்டுத்தான் நம்புவேன். நின்ன இடத்துலேர்ந்து கெளம்பி கால் வினாடியில 225 கிலோமீட்டர் வேகத்தை எட்டினா, அந்தக் கால் வினாடிக்குள்ள அவன் ஒடம்பு கிட்டத்தட்ட 8 மீட்டர் மேல போயிருக்கும். அது முடியற வரைக்கும் பாதம் தரையில இருந்தாத்தானே உதைக்க முடியும்? அப்ப 8 மீட்டர் நீளத்துக்குக் காலு எங்கடா? பேராசிரியர் ஒரு குத்துமதிப்புக்குக் கால் வினாடின்னு வச்சாரு, தப்புச் சொல்ல மாட்டேன். அவரு ஊர்ல குந்தற பழக்கம் கொறைச்சல்.

நம்ம கணக்குக்கு நோட்டு, பென்சில் எதுவும் வேணாம். எவ்வளவு ஆழம் குந்தறானோ, அந்த நீளத்தால எழும்பற உயரத்தை வகு. நீ அரை மீட்டர் குந்தி அரை மீட்டர் குதிச்சா ஒண்ணு. உன் எடையைத் தாங்கறதுக்கு மேல இன்னொரு எடை உதைச்சிருக்க, அம்மாம்தான். சூப்பர்மேனும் அரை மீட்டர்தான் குந்த முடியும். 200-ஐ அரையால வகுத்தா 400. தன் எடையைப் போல 400 மடங்கு, அதாவது 40 டன். அதுவும் கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள, ஒரு வினாடியை அறுபதாக் கூறு போட்டா அதுல ஒரு கூறு நேரத்துல.

இப்ப ஒரு வேடிக்கை கேளு. இந்தத் தாவலுக்கு எவ்வளவு சோறு வேணும்? 100 கிலோவை 200 மீட்டர் தூக்க 47 கிலோ கலோரி. தின்னதுல கால்வாசிதான் தசையில வேலையா மாறும்னு பாத்தாலும் 190-க்குள்ள அடங்கிடுது. நாலு இட்லி! அஞ்சு கோபுரம் தாவுறதுக்கு நாலு இட்லி போதும்டா. உங்க அப்பன் காலையில எட்டு திங்கிறான், திண்ணையைத் தாண்ட மாட்டேங்கிறான். சங்கதி இட்லியில இல்ல. அந்த நாலு இட்லியை ஒரு வினாடியில அறுபதுல ஒரு பங்கு நேரத்துல எரிக்கணும், அதுலதான் இருக்கு. அந்தக் கணத்துக்கு அவன் காலுல ஓடற தெறன் 12 மெகாவாட். நெய்வேலியில 1962-ல மொதமொதலா ஓடின அனல்மின் யூனிட் 50 மெகாவாட். அதுல கால்வாசியை ஒருத்தன் தொடையில அடைச்சு வச்சிருக்கான்.

சரி, தொடை தாங்கிடுச்சு, அதுதான் நாம மன்னிச்ச ஒரு பொய். தரை தாங்கணுமே? அதுக்கு மன்னிப்புக் கெடையாதே! ரெண்டு பாதத்தையும் சேர்த்து 400 சதுர சென்டிமீட்டர். அதுல 40 டன் எறங்கினா சதுர மீட்டருக்கு ஆயிரம் டன். நம்ம கிள்ளை, பரங்கிப்பேட்டை பக்கம் ஈரக் களிமண்ணுல வீடு கட்டறவங்க சதுர மீட்டருக்கு 5 லேர்ந்து 10 டனுக்கு மேல நம்ப மாட்டாங்க. பிச்சாவரத்துச் சேத்துல உன் ஆளு நின்னு உதைச்சான்னு வையி, மேல போறதுக்குப் பதிலாக் கீழ போயிடுவான். அப்புறம் ஜே.சி.பி. வரவழைச்சு எடுக்கணும். நல்ல கான்கிரீட் தளமா இருந்தாத் தப்பிக்கலாம். அதனாலதான் அவன் அமெரிக்காவுல பட்டணமாப் பாத்துத் தங்கிட்டான் போல.

தாவறதைப் பத்திச் சொல்றப்ப நம்ம கடலூர்க் கதையை வுட்டுட முடியாது. 1690-ல தேவனாம்பட்டினம் கோட்டையை இங்கிலீஷ் கம்பெனிக்காரன் மராட்டியர்கிட்டேர்ந்து வெல குடுத்து வாங்கினான். கோட்டையோட சேர்த்து எவ்வளவு நெலம்? அதுக்குக் கயிறு புடிச்சு அளக்கல. கோட்டையிலேர்ந்து பீரங்கி சுட்டா குண்டு எவ்வளவு தூரம் போவுதோ அது வரைக்கும் கம்பெனிக்குன்னு பேச்சு. சென்னையிலேர்ந்து நல்ல பீரங்கியாப் பாத்து அனுப்பி, கைதேர்ந்த ஆளை வச்சுச் சுட்டாங்க. அந்த வட்டத்துக்குள்ள கடலூரே மாட்டிக்கிச்சு. அந்த ஊருங்களுக்குக் குண்டு கிராமம்னே பேரு வந்துடுச்சு. வித்தவங்க, குண்டு நம்ம வாசல் வரைக்கும்தான் வரும்னு நெனைச்சிருப்பாங்க. எறிவிசைக் கணக்குத் தெரியாம நெலம் போன ஊருடா இது. அன்னிக்குக் கம்பெனிக்காரன் பீரங்கிக்குப் பதிலா சூப்பர்மேனைத் தாவ வுட்டிருந்தா? அதே வேகத்துல 45 டிகிரி சாய்வாத் தாவினா 400 மீட்டர்ல வுழுவான். வெள்ளி கடற்கரையில சுண்டல் விக்கிற எடம் வரைக்கும் வெள்ளைக்காரன் வச்சிருந்திருப்பான், மிச்சம் நமக்கு.

அந்த 400 கூட காத்து இல்லாத ஊருல. நீ பொடிப்பயலா இருந்தப்ப, 2011 டிசம்பர் 30-ந் தேதி, தானே புயல் வந்துச்சே, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவால கரையேறினப்ப மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர் காத்து. அந்த வேகத்துல ஒவ்வொரு சதுர மீட்டர் மேலயும் ஏறக்குறைய 90 கிலோ தள்ளு வுழுது. அந்தத் தள்ளுலதான் முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சுது. உன் ஆளு 225-ல கெளம்பறான். வேகம் ஒண்ணரை மடங்கு சொச்சம், ஆனா காத்துத் தள்ளு வேகத்தோட வர்க்கமா ஏறும். சதுர மீட்டருக்கு 240 கிலோ. அதுக்கு மேல முதுவுல ஒரு செவப்புத் துண்டு வேற, கட்சி மாநாட்டுக்குப் போறவனாட்டம். அது விரிஞ்சுக்கிச்சுன்னா 200 மீட்டர் தாவல் 130-லயே முடிஞ்சிடும். அஞ்சு கோபுரம் மூணு கோபுரமாயிடும். துண்டை அவுத்து வச்சுட்டுத் தாவுடான்னு சொல்ல அந்த ஊருல ஒரு தாத்தன் இல்ல.

மேல போறதைக் கூட வுடு. நிறுத்தறதுதான் கொல்லும். 1973-ல ஸ்பைடர்மேன் கதையில, 121-ஆவது இதழ், அவனோட காதலி க்வென் ஸ்டேசியைப் பாலத்து மேலேர்ந்து வில்லன் தள்ளிவுட்டுடறான். இவன் வலையை வீசிக் காலைப் புடிச்சுட்டான். புடிச்சும் அந்தப் பொண்ணு செத்துப் போச்சு. படிச்சவங்க இன்னும் அதைப் பேசறாங்க. வுழுந்த ஒசரம் சுமார் 90 மீட்டர்னு ககாலியோஸ் வச்சாரு, வேகம் 150 கிலோமீட்டர். வலை அரை வினாடியில இழுத்து நிறுத்தினா அந்தப் பொண்ணோட எடையைப் போல 10 மடங்கு இழுப்பு. கழுத்து தாங்குமா? பண்ருட்டிப் பக்கம் பலா எறக்கறவங்களைப் பாரு. காம்புல கயித்தைக் கட்டி வெட்டுவாங்க, பழம் தொங்கினதும் கையில கயித்தை வுட்டு வுட்டு எறக்குவாங்க. வெடுக்குனு புடிச்சாக் காம்பு பிஞ்சுடும்னு அவங்களுக்குத் தெரியும். அந்தப் பயலும் ரெண்டு வினாடி நேரம் வலையை வுட்டு வுட்டுப் புடிச்சிருந்தா இழுப்பு 3 மடங்குக்கு எறங்கியிருக்கும். ஆனா அதுக்குக் கீழ இன்னும் 40 மீட்டர் எடம் வேணும். அது அங்க இருந்துச்சான்னு படம் வரைஞ்சவனைத்தான் கேக்கணும்.

உங்க காலத்து ஆளை மட்டும் வுட்டுட்டீங்களேன்னு கேக்கறியா? இரும்புக்கை மாயாவி. சீமையில 1962-ல பொறந்து, 1972-ல சிவகாசியிலேர்ந்து முத்து காமிக்ஸ் வழியாத் தமிழ் பேச வந்தவன். ஒடம்புல கரண்டு பாஞ்சா ஆளு மறைஞ்சுடுவான், இரும்புக்கை மட்டும் தெரியும். அவனுக்காக நான் எவ்வளவோ வாதாடிப் பாத்தேன், முடியல. ஒடம்பு ஊடுருவித் தெரிஞ்சா கண்ணுக்குள்ள இருக்கிற விழித்திரையிலயும் ஒளி நிக்காம போயிடும். ஒளி நின்னாத்தான் பார்வை. மறைஞ்ச மறு நிமிசம் மாயாவிக்குக் கண்ணு தெரியாது. வெல்ஸ் எழுதின மாய மனுசனைப் பத்தி இதையே ரஷ்யாக்காரர் பெரல்மான் எப்பவோ சொல்லிட்டாரு. அது போதாதுன்னு இப்ப வீட்டுக்கு வீடு கசிவு மின்சாரத்துக்கு டிரிப்பர் மாட்டி வச்சிருக்காங்க. 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சா வுழுந்துடும். பாவம், மாயாவி ப்ளக்குல வெரலை வச்சா மறையறதுக்கு முன்னால வூட்டுல லைட்டு போயிடும்.

கடைசியா உன் சினிமாக்காரனுங்களுக்கு வர்றேன். ரயிலை ஒத்தக் கையால நிறுத்தறான், லாரியைக் கயித்துல கட்டி இழுக்கறான். நான் அவன் கைக்கு வேணும்ங்கிற பலத்தைக் குடுத்துடறேன். ஆயிரம் டன் வச்சிக்க. காலு தரையில வழுக்காம நிக்கணுமே? நல்ல காஞ்ச தரையில, 100 கிலோ ஆளோட பாதத்துக்குக் கெடைக்கிற புடிமானம் மிஞ்சிப் போனா 80 கிலோ. அதுக்கு மேல இழுத்தா லாரி வராது, இவன்தான் லாரிகிட்ட வழுக்கிக்கிட்டுப் போவான். நம்ம சிதம்பரம் வழியா ஓடற ரயில் எஞ்சினை எதுக்கு நூறு டனுக்கு மேல கனமாச் செய்யறான்? எடை இருந்தாத்தான் சக்கரம் தண்டவாளத்தைப் புடிக்கும். அப்பவும் பத்தாம எஞ்சின்ல மணல் வச்சிருந்து வழுக்கற எடத்துல தண்டவாளத்துல தூவறான். உன் நாயகன் சட்டைப் பையில மணல் வச்சிருந்து என்னிக்காவது பாத்திருக்கியா?

அதனால எந்த மாவீரன் வந்தாலும், அவன் கையைப் பாக்காத, காலுக்குக் கீழ பாரு. எழுதறவன் கையைப் பெருசா வரைஞ்சிடுவான். தரையை மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி ஒரு கோடு போட்டு முடிச்சிடறாங்க.

சிதம்பரத்துல ஆனித் திருமஞ்சனத்துக்கு மொத நாளு தேரு. கீழவீதியிலேர்ந்து நாலு வீதியும் சுத்தி வரணும். அந்தத் தேரை ஒத்த ஆளா இழுக்கற பலசாலி, காமிக்ஸ்லேர்ந்து எறங்கி வந்தாலும், வடம் புடிச்ச எடத்துல வழுக்கி வுழுவான். தலைக்கு எண்பது கிலோ புடிமானம் உள்ள ஆளுங்க நூத்துக்கணக்குல சேர்ந்தாத்தான் சக்கரம் நகரும். உன் எடைக்கு ஐம்பது கிலோ புடிமானம் தேறும். இந்த வருசம் மொட்டை மாடியில நின்னு செல்போன்ல படம் புடிக்காம, கீழ எறங்கி வந்து வடத்தைப் புடி. பனியனை வேணா போட்டுக்கிட்டு வா, ஒண்ணும் சொல்லல. அந்தத் துண்டை மட்டும் வூட்டுல வச்சுட்டு வந்துடு.